இரண்டு விரற்கடை தாழ்ந்த தோள்

என் முதுகைக் கெடுத்தது வயதும் அல்ல, இழைப்புளியும் அல்ல; என் மனைவியின் அண்ணன். இதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில் பருப்பு புடைத்துக்கொண்டிருக்கிறாள். படித்துக் காட்டச் சொன்னால் காட்டுவேன், எனக்கென்ன.

முதுகுவலி என்று யார் வந்தாலும் எனக்குத் தெரிந்ததைப் பொறுமையாகச் சொல்லித் தருவேன். எப்படிப் படுப்பது, எப்படிப் புரண்டு எழுவது, முட்டியை எப்படி மடக்குவது, எவ்வளவு தூரம் நடப்பது, எல்லாம் சொல்வேன். கேட்டுக்கொண்டு போகிறவர்கள் பத்து நாள் செய்வார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். "நீங்க மட்டும் எப்பிடி ஒரு நாளுகூட விடாம செஞ்சீங்க?" என்று திரும்பி வந்து கேட்பார்கள். "மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த மனசுக்குள் என்ன இருந்தது என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் முத்தியால்பேட்டையில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிரெஞ்சு வெள்ளைக்கார வீடுகளுக்கு ஜன்னல் கதவு, சாய்வு நாற்காலி, தட்டுப்பலகை என்று வேலை வந்துகொண்டே இருக்கும். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலில் மாதா திருநாள் அன்று சப்பரம் புறப்படும். சப்பரத்துக்கு இரண்டு நீளத் தண்டுகள். ஒவ்வொரு தண்டின் முனைக்கும் இரண்டு பேர், ஆக நான்கு முனைக்கு எட்டுப் பேர். ஒரே முனையை இரண்டு பேர், உள்பக்கம் ஒருவர் வெளிப்பக்கம் ஒருவராகத் தோளில் வாங்குவார்கள். இந்த இருவரின் தோளும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். ஒருவர் உசந்திருந்தால் பாரம் முழுக்க அவர் தலையில். அதனால் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயிலின் பின்சுவரில் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தோள்மேல் பலகை வைத்துச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுவார்கள். கோடு யாரோடு சேருகிறதோ அவர்தான் ஜோடி. சொந்தம், சிநேகம், பணக்காரன், ஏழை, எதுவும் அந்தச் சுவரில் செல்லாது.

எனக்கும் என் மச்சானுக்கும் கோடு மயிரிழை பிசகாமல் சேரும். ஆறு வருஷமாக முன்பக்கத்து இடது முனை எங்களுடையது. முன் முனை என்றால் ஊரே பார்க்கிற இடம். என் வீட்டுக்காரிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன், நடுவில் மாதாவின் தண்டு.

மச்சான் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு திரும்பியவர். நடையே மிடுக்காக இருக்கும். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி, மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு, வீட்டு வாசலில் கித்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் அணிவகுப்பு பார்ப்பார். "மாப்ள, உன்னுது சிவில் முதுகு. என்னுது சர்க்கார் முதுகு" என்பார். நானும் சிரிப்பேன். அவருடைய பேச்சில் எனக்கு ஆசை உண்டு. ஒரு மனிதன் அழகாகப் பேசிவிட்டால் அவன் திருடனாக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று கேட்கிறவன் நான். அதுவே எனக்கு வினையாயிற்று.

ஏனென்றால் சர்க்கார் முதுகு சப்பரத்தைத் தூக்கவில்லை. முதல் இரண்டு தெரு நன்றாகத் தூக்கும். மேளம் பலமாக அடித்துக் கூட்டம் நெருக்குகிற இடம் வந்தால், மச்சான் பக்கத்துத் தோள் இரண்டு விரற்கடை தாழும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முகத்தில் அதே பக்தி, அதே மீசை. ஆனால் முனைப் பாரம் முழுக்க என் தோளுக்கு வந்துவிடும். தச்சனுக்கு ரசமட்டம் வேண்டாம். இரண்டு விரல் சாய்ந்தால் உடம்புக்கே தெரியும். ஆறு வருஷம் தெரிந்தும் சும்மா இருந்தேன். மாமியார் வீட்டு உறவு, மாதா காரியம், போகட்டும் என்று விட்டேன்.

ஏழாவது வருஷம் வாய்க்கால் ஓரத் தெருவிலிருந்து கோயில் தெருவுக்குத் திரும்புகிற முனையில் அவர் தாழ்த்தினார். திரும்பும்போது வெளிப்பக்கத்து ஆள் எட்டி நடக்கவேண்டும். நான் வெளிப்பக்கம். ஒரு கால் காற்றில் இருக்கும்போது பாரம் முழுக்க வந்து இறங்கியது. இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்குப் பக்கத்தில், ஈரக்கட்டை பிளக்கிற மாதிரி ஒன்று பிளந்தது. என் முட்டி மடிந்தது. சப்பரம் ஆடிற்று. மாதா தலையிலிருந்த கிரீடம் கழன்று சரிந்தது.

"மாப்ள உட்டுட்டான்! மாப்ள உட்டுட்டான்!"

மச்சானுடைய குரல். அது அணிவகுப்புக் குரல். நான்கு தெருவுக்குக் கேட்கும். இதில் ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் கத்தினபோது கிரீடம் இன்னும் தரையைத் தொடவில்லை. அதாவது, அந்த வார்த்தையை அவர் முன்னமே வாயில் தயாராக வைத்திருந்தார்.

கிரீடத்திலிருந்து இரண்டு கண்ணாடிக் கல் உதிர்ந்தது. ஊர் எனக்கு ஒரு பெயர் வைத்தது: மாதாவைப் போட்டவன்.

வைத்தியர் வந்து பார்த்தார். கொஞ்ச நாள் படுத்திரு என்றார். அவர் சொன்னது கொஞ்ச நாள். நான் படுத்தது இரண்டு மாதம். எழுந்து வெளியே போனால் யாராவது பார்ப்பார்களே என்று படுத்தேன். படுக்கப் படுக்க முதுகு பலகையாக இறுகியது. எழுந்து நின்றபோது வலது பக்கம் சாய்ந்து, கூன் விழுந்து, கொக்கி மாதிரி இருந்தேன். வீட்டுக்காரி உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள், நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை முதுகில் ஊற்றுவாள். கொடுக்கும்போது சுகமாக இருக்கும். கை எடுத்தால் வலி வந்து உட்கார்ந்துவிடும்.

அப்போதுதான் ஒரு நாள் காலை மீன்கார அக்கா வந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். தினமும் குப்பத்திலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பாள். கதவு திறந்திருந்ததால் நான் பாயில் கிடப்பது தெரிந்திருக்கும்.

"இன்னா மேஸ்திரி, இன்னும் படுக்கதானா? கொடுவா கூட செத்தப்பறந்தான் இப்பிடி மல்லாந்து கெடக்கும்."

"முதுகு போயிடுச்சுக்கா."

"எங்க போச்சு? ஒட்டிக்கினுதான கெடக்குது."

என் வீட்டுக்காரி கூடையை இறக்கக் கை கொடுக்கப் போனாள். "நீ இரு தாயி" என்று சொல்லிவிட்டு அக்கா தானே இறக்கினாள். அதை நான் பாயில் கிடந்தபடியே பார்த்தேன். இடுப்பை வளைக்கவே இல்லை. தலையும் முதுகும் நூல் பிடித்த மாதிரி இருக்க, முட்டியை மட்டும் மடக்கி, கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கினாள். ஒரு மீன்கூடத் துள்ளவில்லை.

"அந்த முனையிலதான் நான் நின்னுக்கினு இருந்தேன் மேஸ்திரி" என்றாள் கீழே உட்கார்ந்ததும். "ரெண்டு வெரலு தாழ்த்துனாரு உன் மச்சான். சாமிய யாரு பாத்தா? நான் தோளத்தான் பாப்பேன். சும தூக்கறவளுக்கு வேற எங்க கண்ணு போவும்?"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி வந்து நின்றாள். "எங்க அண்ணனப் பத்தி என் வாசல்ல பேசாதக்கா."

"நான் தோளப் பத்தி பேசறேன் தாயி. அண்ணனப் பத்தி பேசல."

அவள் சொன்னதைச் சபையில் சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மீன்கூடைக்காரி சொல்லுக்கு எதிரே சொல்தா சொல். ஆனால் எனக்கு அது போதும். பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். அன்றைக்கு நான் பாயிலேயே ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த திருநாளுக்கு அதே முனையில், அதே மச்சானோடு நிற்பது. அவர் தாழ்த்தும்போது நான் என்ன செய்வேன் என்று அப்போது தெரியாது. ஆனால் ஏதாவது செய்வேன்.

அதற்குத் தடையாக இருந்தது அந்தச் சுண்ணாம்புக் கோடு. கூன் விழுந்தவன் தோள் கோட்டுக்கு எப்படி எட்டும்? வீட்டுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயில் பின்சுவருக்குப் போனேன். மழையில் மங்கிப்போயிருந்தாலும் எங்கள் கோடு தெரிந்தது. நூல் வைத்து அளந்து கொண்டுவந்து என் பட்டறைக் கதவு நிலையில் பென்சிலால் அதே உயரத்தில் ஒரு கோடு போட்டேன். முதுகை நிலையில் சாய்த்து நின்றேன். மூன்று விரல் குறைந்தது.

"எதுக்கு இந்தக் கோடு?" என்றாள் அவள்.

"வளந்துட்டனான்னு பாக்க."

அந்தக் கோட்டுக்காகத்தான் எல்லாம். மீன்கார அக்கா தினமும் வந்து எதையாவது சொல்லிவிட்டுப் போவாள். "முட்டி கீலு மாதிரி மேஸ்திரி, ஆடத்தான் ஆண்டவன் வச்சான். இடுப்பு நெல மாதிரி, நிக்கத்தான் வச்சான். நீ நெலய ஆட்டிக்கினு கீல ஆணி அடிச்சி வச்சிருக்க" என்றாள் ஒரு நாள். தச்சனுக்குத் தச்சு பாஷையில் சொன்ன அந்த வார்த்தையைப் பலகைத் துண்டில் எழுதி மாட்டினேன்.

மற்றதை நானே தேடினேன். காலையில் எழும்போது நேராக எழக்கூடாது. ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி, காலைக் கீழே போட்டு எழவேண்டும். மல்லாந்து படுத்து ஒரு முட்டியை மார்புக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் அணைத்துப் பத்து எண்ணுவது. பிறகு அடுத்த முட்டி. கையும் முட்டியும் ஊன்றி, பசு மாதிரி நின்று, முதுகைப் பூனை மாதிரி மேலே தூக்கி மெல்ல இறக்குவது. சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை மடக்கி, கிணற்று வாளி மாதிரி இறங்கி ஏறுவது. தூங்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை. இழைக்கிற மேசைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து நான்கு விரல் உயர்த்தினேன், குனியாமல் இழைக்க. இத்தனை வருஷம் அந்த மேசை என் இடுப்புக்கு ஏற்றதாக இல்லாமல், எனக்கு முந்தி அங்கே வேலை செய்தவர் இடுப்புக்கு ஏற்றதாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஊர் நாற்காலிக்கெல்லாம் அளவு பார்த்தவன் நான்.

நடையும் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால் கடற்கரைக்குப் போய், அலை வந்து போன கெட்டி மணலில் நடப்பேன். முதல் வாரம் நூறு அடி. கடலுக்குப் போக இரண்டு வழி. ஒன்று குறுக்கு வழி, நிழல். இன்னொன்று மச்சான் வீட்டு வழியாகச் சுற்றுவது, வெயில். நான் சுற்றித்தான் போவேன். அவர் கித்தான் நாற்காலியில் காபித் தம்ளரோடு உட்கார்ந்து, பட்டாளத்தில் நிமிர்ந்து நிற்கச் சொல்கிற உத்தரவைப் போடுவார்.

"கார்தாவூ, மாப்ள! நெஞ்ச நிமித்து! இன்னா, மண்ணுல அஞ்சணா தொலச்சிட்டியா, கீழயே பாத்துக்கினு போற?"

"வரேன் மச்சான்" என்பேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. வஞ்சத்திலும் குறை வைக்கவில்லை. சில நாள் முதுகு பிடித்துக்கொள்ளும், இன்று வேண்டாம் என்று தோன்றும். அன்றைக்கு நான் போகவில்லையென்றால் அவர் வெற்றிலையைத் துப்பிக்கொண்டு "படுத்துட்டான்" என்று சொல்வாரே என்று நினைப்பேன். எழுந்துவிடுவேன்.

ஆனால் வஞ்சத்துக்கு அவசரம் அதிகம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைத்தெருவில் அவர் சொன்னதாக ஒரு வார்த்தை என் காதுக்கு வந்தது: "எங்க மாப்ள இனிமே நாக்காலி செய்வான், தானே உக்காந்துக்குவான்." நல்ல வார்த்தை. என்னைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நானே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். கோபத்தோடு பட்டறைக்கு வந்து, சுவர்ப் பயிற்சியை இருபதுக்குப் பதில் நூறு செய்தேன். அது போதாதென்று தேக்குப் பலகை ஒன்றைத் தனியாகத் தூக்கினேன். மறுபடியும் பாய். பன்னிரண்டு நாள்.

மீன்கார அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கூடை தலையில் இருந்ததால் கூடையில்தான் அடித்தாள்.

"கோவத்த வேகத்துல காட்டாத மேஸ்திரி. எண்ணிக்கையில காட்டு. இன்னிக்கு இருவது, நாளிக்கு இருவது, திருநாளு வரிக்கும் இருவது. அவன் எங்க ஓடப் போறான், பென்ஷன் இங்கதான வருது?"

அதையும் எழுதி மாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் கூட்டவில்லை, ஒரு நாளும் குறைக்கவில்லை. வலி குத்தினால் நிறுத்துவேன். சும்மா முணுமுணுத்தால் தொடர்வேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது, இறங்கும்போது வெளியே விடவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இன்னொரு மாதம். தவக்காலத்தில் கதவு நிலைக் கோட்டுக்கு ஒன்றரை விரல் பாக்கி. உயிர்த்த ஞாயிறன்று ஒரு விரல். ஆடி பிறந்தபோது தோள்மேல் வைத்த பலகை கோட்டின்மேல் உட்கார்ந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"சரியா இருக்குது" என்றாள். பிறகு கோட்டைப் பார்த்தபடியே, "நீ எங்க அண்ணன் கூட நிக்கத்தான் இத்தினியும் செஞ்சியா?" என்றாள்.

"மாதாவுக்கு நேர்த்தி."

"மாதாவுக்குச் செய்யறவன் மொகம் இப்பிடி இருக்காது."

கோடு போடுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் இடத்துக்கு, மச்சான் உயரத்துக்கு ஏறக்குறைய ஒத்த ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நான் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். சப்பரத்துக்குப் பொறுப்பான பெரியவர் பலகை வைத்தார், கோடு போட்டார், மச்சானுடைய கோட்டைப் பார்த்தார். ஒரே கோடு. கூட்டத்தில் முணுமுணுப்பு. "போன வருஷம் போட்டவன்தான?" என்று ஒரு குரல். பெரியவர் கையை உயர்த்தினார். "செவுரு சொல்லிடுச்சு. அதுக்கு மேல நான் யாரு?"

மச்சான் சிரித்தபடி என் முதுகில் தட்டினார், வேண்டுமென்றே வலித்த இடத்தில். "சுண்ணாம்பு தூக்காது மாப்ள. தோள்தான் தூக்கணும்."

"ஆமாம் மச்சான்" என்றேன். "தோள்தான் தூக்கணும்."

திருநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சப்பரம் புறப்பட்டது. முதல் தெரு, இரண்டாவது தெரு, இரண்டு தோளும் சமம். வாய்க்கால் ஓரத்தில் மேளம் பலத்தது. அந்த முனை தெரிந்தது. கூட்டத்தில் மீன்கார அக்கா தலையில் கூடை இல்லாமல் நின்றிருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவள் எங்கள் தோளைத்தான் பார்த்தாள்.

திரும்ப ஆரம்பித்ததும் மச்சான் தாழ்த்தினார். அதே இரண்டு விரல்.

நான் மூன்று விரல் தாழ்ந்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். முதுகை நூல் மாதிரி வைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி முட்டியை மட்டும் மடக்கினேன், பட்டறைச் சுவரில் ஒரு வருஷமாக இறங்கின மாதிரி. தண்டு என் தோளைவிட்டு எழும்பவும் இல்லை, அழுத்தவும் இல்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. முனைப் பாரம் முழுக்க மச்சான் தோளில் போய் உட்கார்ந்தது. அவர் என்னை மாதிரி முட்டியில் தாழவில்லை. இடுப்பை ஒரு பக்கம் கோணித் தாழ்ந்திருந்தார். கோணின இடுப்பில் பாரம் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"மாப்ள" என்றார் மெதுவாக.

நான் மாதாவை நோக்கிப் பிரியதத்த மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன்.

"மாப்ள, தூக்கு... டேய்... ஐயோ, தூக்குறா மாப்ள!"

இந்தத் தடவை குரல் அணிவகுப்புக் குரலாக இல்லை. மேளக்காரன் கை நின்றது. எல்லார் தலையும் எங்கள் முனைக்குத் திரும்பியது. நான் மந்திரத்தை நடுவில் விடவில்லை. ஒரு வார்த்தை விழுங்காமல், அவசரப்படாமல், ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தேன். மாதா ஆடவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன், சத்தியம். அவரால் கீழே போடவும் முடியாது. போட்டால் போட்டவர் அவர்.

ஆமென் ஆனதும் முட்டியை நிமிர்த்திப் பாரத்தை வாங்கிக்கொண்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னா மச்சான், மாதா இந்த வருஷம் கனமா இருக்காங்களா?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். மீன்கார அக்காவாக இருக்கலாம். மச்சான் கோயில் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். சப்பரத்தை இறக்கினதும் அவரால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு வீட்டில் சோறு இல்லை. உலை வைக்காமல் என் வீட்டுக்காரி அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "அவுரு போன வருஷம் செஞ்சது தப்பு. எனக்கும் தெரியும், அப்பவே தெரியும்" என்றாள். "நீ செஞ்சத வருஷம் பூரா என் கண்ணெதிர ஒத்திக பாத்திருக்க. நான் வேற ஒத்தடம் குடுத்திருக்கேன்."

அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு வருத்தம் வரவில்லை. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, செய்ததையும் வருத்தம் வராததையும் சொன்னேன்.

"மனஸ்தாபப்படுகிறாயா? செய்ததற்கு வருந்துகிறாயா?" என்று சாமியார் கேட்டார். வெள்ளைக்காரர்தான், ஆனால் எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்.

"அவுரு வாயால உண்மையச் சொல்லட்டும் சாமி. நான் மனஸ்தாபப்படறேன்."

"இது கோயில். சந்தையல்ல."

"அப்ப இருக்கட்டும் சாமி" என்று எழுந்து வந்துவிட்டேன். இன்னும் மாதாவைப் போட்டவன் நான்தானே. என் முதுகு திரும்பிவந்தது, என் இடமும் திரும்பிவந்தது, அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. "மச்சானும் சறுக்கினாரு, பாவம், வயசு" என்றுதான் ஊரில் பேசினார்கள். நான் போட்டால் பாவம், அவர் கத்தினால் வயசு.

மூன்று வாரம் கழித்து மச்சானின் மனைவி வந்தாள். எனக்குத் தங்கை முறை. கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, எழுந்தா உக்கார முடியல, உக்காந்தா எழ முடியல. நீங்க எப்பிடி சரியாக்கிக்கினீங்களோ அத அவுருக்கும் சொல்லிக் குடுங்க. வேற யாருக்கும் அது தெரியல."

"சொல்லித் தரேன்மா. முழுசா சொல்லித் தரேன். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கோயில் பின்செவுரு கிட்ட வரச் சொல்லு. தோளத் தாழ்த்துனது யாருன்னு எட்டு பேரு எதிர்ல சொல்லட்டும். அன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

அவள் என் வீட்டுக்காரியைப் பார்த்தாள். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "போய்ச் சொல்லு அண்ணி" என்றாள், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு ஒரு புஷ்புஷ் வண்டி வந்து கோயில் மதில் ஓரம் நின்றது. பின்னாலிருந்து தள்ளி வந்தவன் வேர்த்திருந்தான். மச்சான் முன்னால் திருப்புகிற கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், மீசை முறுக்காமல். மனைவி கைகொடுத்து இறக்கினாள். கொக்கி மாதிரி நடந்து வந்து எங்கள் எதிரே நின்றார். தூக்குகிறவர்கள் எல்லாரும் இருந்தோம், பெரியவரும் இருந்தார். சாமியாரும் பூசை உடையைக் களைந்துவிட்டு அந்தப் பக்கமாக வந்தார்.

மச்சான் அவரைத்தான் பார்த்தார். தலையை நிமிர்த்தப் பார்த்து, முடியாமல் பாதியிலே விட்டு, "செ முவா, மோன் பேர்" என்றார். நான்தான் சாமி என்று அர்த்தமாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறகும் பிரெஞ்சில் நான்கைந்து வார்த்தை. சாமியார் தலையசைத்தார். மற்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது.

மச்சான் திரும்பப் போனார். முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

"மச்சான்" என்றேன். "தமிழ்ல சொல்லுங்க. இங்க யாரும் சைகோன் பாக்கல."

"சாமிக்குச் சொல்லிட்டேன் மாப்ள."

"பேரு போனது சாமிகிட்ட இல்ல. இவங்ககிட்ட."

சாமியார் குறுக்கே வரவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மச்சான் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். கை ஊன்றின இடம் எங்கள் கோட்டுக்கு மேலே இருந்தது.

"நான்தான் தாழ்த்துனேன்" என்றார். "போன வருஷமும் நான்தான்."

"பின்னால நிக்கறவருக்குக் கேக்கல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சைகோன் எல்லாம் இருந்தது. ஆனால் முதுகு அவரை விடவில்லை. "மாப்ள போடல! நான் தாழ்த்துனேன்! எட்டு வருஷமும் நான்தான் தாழ்த்துனேன்!" என்று கத்தினார். இப்போது அது பழைய குரல், நான்கு தெருவுக்குக் கேட்கிற குரல். எட்டு வருஷமும் என்று நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒரு வருஷமா நாம இவர..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொன்ன சொல்லை நான் மீறவில்லை. அங்கேயே மணலில் துண்டை விரித்து அவரைப் படுக்கவைத்தேன். ஒருக்களித்துப் புரள்வது, முட்டியை மார்புக்குக் கொண்டுவருவது. அடுத்த நாளிலிருந்து தினமும் காலை என் பட்டறைக்கு வந்தார். பசு மாதிரி நில்லுங்கள் என்றால் நின்றார். பூனை மாதிரி தூக்குங்கள் என்றால் தூக்கினார். பத்துக்கு மேலே போகாதீர்கள், குத்தினால் நிறுத்துங்கள் என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரி அவருக்கும் ஒத்தடம் கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றும்.

மனஸ்தாபம் பற்றிச் சாமியார் ஒரு நாள் வழியில் நிறுத்தி ஞாபகப்படுத்தினார். தேடிப் பார்க்கிறேன் சாமி என்றேன். தேடினேன், உண்மையாகவே தேடினேன்.

தை மாதம் ஒரு காலையில் இழைத்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் தெருவில் போனார். கைத்தடி இல்லை. மீசை முறுக்கியிருந்தது. முதுகு நேராக இருந்தது. என் முதுகைவிட நேர் என்றுகூடச் சொல்லலாம். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "போறேன் மாப்ள" என்றார். நானும் கையை உயர்த்தினேன். கோணலாய் வந்த கட்டை நேரானால் தச்சனுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. இன்னும் ஒரு மாதம் கழித்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.